படிக்கட்டு ஏறும் சக்கரக்கால் ரோபோ: அளவெடுப்பதிலிருந்து இறங்கி வருவது வரை முழுமையான வழிகாட்டி

என் அத்தை தியோங் பாருவில், 1930களில் கட்டிய பழைய புளோக் ஒன்றில் மாடியில் குடியிருக்கிறார். மின்தூக்கி கிடையாது. சந்தைக்குப் போய்விட்டு வந்தால் 5 கிலோ அரிசிப் பையைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்து எழுவார். அந்தப் பையை மாடிக்குக் கொண்டுபோகத்தான் நான் சக்கரக்கால் ரோபோ செய்ய ஆரம்பித்தேன். முதலில் செய்தது சரிவரவில்லை. இரண்டாவது ஏறுகிறது, அதைவிட முக்கியமாக, பத்திரமாக இறங்குகிறது. பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களோ வீட்டிலேயே ரோபோ செய்பவர்களோ இதே வேலையில் இறங்கினால், நான் வீணாக்கிய மாதங்கள் அவர்களுக்கு மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன்.

சக்கரமும் காலும் ஏன் சேர வேண்டும் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே இரண்டு உதாரணங்களைப் பார்த்துவிட்டோம். 2020 மே மாதம் பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் பாஸ்டன் டைனமிக்ஸின் ஸ்பாட் என்ற நாலுகால் ரோபோ, பாதுகாப்பு இடைவெளியை நினைவூட்டிக்கொண்டு நடந்தது. அதற்குப் படி ஒரு பொருட்டல்ல. ஆனால் ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் ஓடும். 2021 செப்டம்பரில் தோ பாயோ மையத்தில் சுற்றிவந்த சேவியர் என்ற ரோந்து ரோபோ சக்கரத்தில் ஓடியது. சமதளத்தில் அலுங்காமல் போகும், ஒரு படி வந்தால் அதோடு நிற்க வேண்டியதுதான். நம் பேட்டைகளிலோ கூரை போட்ட நடைபாதை அரை கிலோமீட்டர், அதன் முடிவில் ஐந்தாறு படி என்றுதான் வழி இருக்கிறது. உருளவும் வேண்டும், ஏறவும் வேண்டும்.

1. முதலில் படிக்கட்டை அளந்து வாருங்கள்

மோட்டார் பட்டியலைத் திறக்கும் முன் டேப்பை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போங்கள். ஒரு படியை அளந்துவிட்டு வந்துவிடாதீர்கள், எல்லாப் படிகளையும் அளந்து எழுதுங்கள். அத்தை வீட்டுப் படிகளின் சராசரி உயரம் 165 மி.மீ.; ஆனால் மிகக் குட்டையான படி 158, மிக உயரமானது 173. கால் வைக்கும் இடத்தின் ஆழம் 280. பழைய கட்டடத்தில் முதல் படியும் கடைசிப் படியும் அநேகமாக மற்றவற்றோடு ஒத்துப்போகாது. தளத்துக்கு மேல் புதிதாக ஓடு பதித்திருப்பார்கள், முதல் படி அந்த அளவுக்குக் குட்டையாகிவிடும். மனிதக் காலுக்கு இது தெரியாது. ரோபோ அங்கேதான் தடுக்கும்.

உயரம் 165, ஆழம் 280 என்ற இந்த இரண்டு எண்களிலிருந்து இன்னும் இரண்டு எண்கள் கிடைக்கும். சரிவு சுமார் 30.5 பாகை. ஒரு படி மூக்கிலிருந்து (படியின் முன்விளிம்பிலிருந்து) அடுத்த படி மூக்குக்குச் சாய்வாக அளந்தால் 325 மி.மீ. இந்த 325-ஐச் சுவரில் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள், பிறகு அடிக்கடி தேவைப்படும்.

அப்படியே படிக்கட்டு திரும்பும் இடத்தையும் அளந்துவிடுங்கள். படி ஏறுவதைவிட அங்கே திரும்புவதுதான் சிரமம். ரோபோவின் நீளம் 650, அகலம் 350 என்றால் மூலைக்கு மூலை 738 மி.மீ. வரும். அது நின்ற இடத்திலேயே சுழல, கைப்பிடிக்கும் சுவருக்கும் இடையில் அதைவிடக் கூடுதலான இடம் வேண்டும். தியோங் பாரு புளோக்குகளின் பின்பக்கத்தில் இருக்கும் சுழல் படிக்கட்டுப் பக்கம் இப்போதைக்குப் போகவேண்டாம். ஒவ்வொரு படியும் ஒரு பக்கம் குறுகி ஒரு பக்கம் விரிந்திருப்பதால் இங்கே போடும் கணக்கு எதுவும் அங்கே செல்லாது.

2. எந்த உடலமைப்பு?

தேக்கா சந்தையில் மூன்று சிறு சக்கரங்களை முக்கோணமாகப் பூட்டிய தள்ளுவண்டியை இழுத்துப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். படி வந்ததும் முக்கோணம் புரண்டு அடுத்த சக்கரம் மேல்படியில் உட்காரும். எளிமையான, அருமையான யோசனை. இழுக்க ஆள் இருக்கும்வரை நன்றாக வேலை செய்யும். ஒவ்வொரு புரளலிலும் சுமை தூக்கிப் போடப்படும் என்பதும், படியின் அளவு மாறினால் முக்கோணம் தாளம் தப்பிவிடும் என்பதும் அதன் குறைகள்.

இரண்டு சக்கரக்காலில் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் வகை அடுத்தது. பாஸ்டன் டைனமிக்ஸ் 2017-இல் வெளியிட்ட ஹேண்டில், சூரிக் ஈடிஎச் பல்கலைக்கழக மாணவர்கள் செய்த அசென்டோ இரண்டும் இந்த ரகம். அசென்டோ குதித்தே படியைத் தாண்டும். பார்க்கப் பரவசமாக இருக்கும். ஆனால் மின்சாரம் ஒரு நொடி நின்றாலும் விழுந்துவிடும் இயந்திரத்தை, கீழே ஆள் வரக்கூடிய படிக்கட்டில் விட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே நாலு கால், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு சக்கரம். ஈடிஎச் குழுவினரின் எனிமல் ரோபோவின் சக்கர வடிவமும், யூனிட்ரீயின் கோ2-டபிள்யூவும் இப்படித்தான். ஈடிஎச் குழு 2024-இல் வெளியிட்ட ஆய்வில், சூரிக், செவில் நகரத் தெருக்களில் படிக்கட்டுகளையும் கடந்து கிலோமீட்டர் கணக்கில் அது தானாகவே ஓடியது. இந்த வழிகாட்டியின் மீதி முழுவதும் இந்த அமைப்பைப் பற்றித்தான். ரோபோ 13 கிலோ, சுமை 5 கிலோ, மொத்தம் 18 கிலோ என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

3. சக்கரம், கால், உடல்: அளவுகளைத் தீர்மானிப்பது

சக்கரத்தைப் பெரிதாகப் போட்டால் காலே வேண்டாமே என்று தோன்றும். உருண்டே ஏற வேண்டுமானால் சக்கரத்தின் ஆரம் படியின் உயரத்தைவிடத் தாராளமாக அதிகமாக இருக்க வேண்டும். 165 மி.மீ. படிக்கு 400 மி.மீ. விட்டத்துக்கு மேல் போய்விடும். 280 மி.மீ. ஆழமுள்ள படியில் அது எங்கே நிற்கும்? சக்கரம் செங்குத்துப் பக்கத்தைத் தொட்டு நிற்கும்போது அதன் மையம் அங்கிருந்து ஓர் ஆரம் தள்ளியிருக்கும். வெளி விளிம்பிலிருந்து 20 மி.மீ. உள்ளே இருந்தால்தான் வழுக்காது. 90 மி.மீ. ஆரம் போட்டால் மையம் நகர 170 மி.மீ. இடம் மிஞ்சும். 140 போட்டால் 120-தான். நான் 90 எடுத்தேன்.

தொடையும் கெண்டையும் தலா 200 மி.மீ. முழங்கால் 150 பாகைக்கு விரிந்தால் இடுப்பிலிருந்து சக்கர மையம் 386 மி.மீ.; 50 பாகைக்கு மடங்கினால் 169. ஆக, சக்கரத்தை 217 மி.மீ. தூக்கலாம். தேவை 165-உடன் 35 இடைவெளி, மொத்தம் 200. கொஞ்சம் இறுக்கம்தான். ஆனால் உடல் முன்பக்கமாக நிமிரும்போது இன்னும் சில சென்டிமீட்டர் கிடைக்கும்.

முழங்கால் எந்தப் பக்கம் மடங்க வேண்டும் என்பதில் நான் இரண்டு மாதம் இழந்தேன். முதல் ரோபோவில், பார்க்க அழகாக இருக்கிறதென்று முன்கால் முட்டியை முன்புறம் பார்க்கவைத்தேன். 50 பாகைக்கு மடங்கிய முட்டி, இடுப்பையும் சக்கரத்தையும் இணைக்கும் கோட்டிலிருந்து 181 மி.மீ. வெளியே துருத்தும், அப்போது அது தரையிலிருந்து சுமார் 175 மி.மீ. உயரத்தில் இருக்கும். முட்டியின் தடிமனைக் கழித்தால் அடிப்பகுதி 150. அடுத்த படியின் மூக்கு 165-இல் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் முட்டி போய்ப் படியில் இடித்தது, அலுமினியத்தில் பள்ளமே விழுந்துவிட்டது. நாலு முட்டிகளையும் பின்பக்கம், அதாவது இறங்கும் திசையைப் பார்க்க வையுங்கள்.

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் 325-இன் முழு மடங்காக இருந்தால் நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் படியை முட்டும், ஒரே நேரத்தில் விளிம்பில் நிற்கும். ஒன்றரை மடங்கு, அதாவது சுமார் 490 மி.மீ. வையுங்கள். முன் சக்கரம் படியை முட்டும்போது பின் சக்கரம் படியின் நடுவில் நிம்மதியாக நிற்கும்.

இனி, கவிழாமல் இருப்பதற்கான கணக்கு. சுமையைக் கூடையில் போட்டு முதுகில் வைத்தால் எடை மையம், சக்கரங்கள் தரையைத் தொடும் கோட்டிலிருந்து 350 மி.மீ. உயரத்துக்குப் போகிறது. அந்த நிலையில் 35 பாகை சாய்ந்தால் ரோபோ பின்னால் மல்லாந்துவிடும். படிக்கட்டே 30.5 பாகை, கையிருப்பு 4.5 பாகைதான். ஒரு குலுக்கல் போதும். கூடையைக் கால்களுக்கு நடுவே தாழ்வாகத் தொங்கவிட்டு எடை மையத்தை 250-க்கு இறக்கினால் எல்லை 44 பாகை ஆகிறது. கையிருப்பு சுமார் 14. தாழ்த்த முடியாவிட்டால் எடையை முன்னால் தள்ளுங்கள். 60 மி.மீ. முன்னே நகர்ந்தால் 350 உயரத்திலும் 41 பாகைவரை தாங்கும். ஏறும்போது நாமும் முன்னால் சாய்ந்துதானே ஏறுகிறோம்? பேட்டரியை மார்புப் பக்கம் வைப்பதும் இதற்காகத்தான்.

தாழ்த்துவதற்கும் எல்லை உண்டு. சக்கரம் படியின் உட்புறத்தில் ஒட்டி நிற்கும்போது, அடுத்த படியின் மூக்கு, சக்கரங்கள் தரையைத் தொடும் அந்தக் கோட்டுக்கு மேல் கிட்டத்தட்ட 100 மி.மீ. எட்டும். கூடையின் அடிப்பாகத்தை 130-க்குக் கீழே இறக்காதீர்கள்.

4. மோட்டார்

ஒரு காலைத் தூக்கும்போது பாரத்தின் பெரும்பகுதி எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு கால்களில் இறங்கும். 18 கிலோவில் பாதி, சுமார் 88 நியூட்டன். முழங்கால் 90 பாகையில் இருக்கும்போது அதற்கு 12.4 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். 50 பாகையில் 16. சக்கரம் தடாலென்று படியில் இறங்கும் அதிர்ச்சிக்காக இரண்டால் பெருக்கினால் 32.

எம்ஐடியின் மினி சீட்டா ரோபோவுக்காக வடிவமைத்த மோட்டார், 6-க்கு 1 கியரில், உச்சமாக 17 நியூட்டன் மீட்டர் தந்தது. அந்த வடிவத்தை ஒட்டியவை இப்போது பல இடங்களில் விலைக்குக் கிடைக்கின்றன. முழங்காலுக்கு அதோடு 2-க்கு 1 பல்பெல்ட் ஒன்று சேர்த்தால் 34 கிடைக்கும். மோட்டாரை இடுப்பருகே வைத்து பெல்ட் வழியாக முட்டியை இயக்குங்கள், காலின் எடை குறையும். கியர் விகிதத்தை 50, 100 என்று ஏற்ற ஆசைப்படாதீர்கள். குறைந்த கியரில்தான் சக்கரம் எதையாவது தொட்டால் அந்த அழுத்தம் மோட்டார் மின்னோட்டத்தில் தெளிவாகத் தெரியும். பின்னால் வரப்போகும் ஏறும் முறையே அதை நம்பித்தான் இருக்கிறது.

காலுக்கு மூன்று மூட்டு, ஒரு சக்கரம். ஆக 16 மோட்டார். காலைப் பக்கவாட்டில் விரிக்கும் இடுப்பு மோட்டாரைச் செலவு மிச்சம் என்று முதல் ரோபோவில் விட்டுவிட்டேன். ஒரு காலைத் தூக்கினால், எடை மையம் மற்ற மூன்று சக்கரங்கள் அமைக்கும் முக்கோணத்துக்குள் வர வேண்டும்; அதற்கு உடல் பக்கவாட்டில் 40, 50 மி.மீ. நகர வேண்டும். நகர்த்த மோட்டார் இல்லாததால் தூக்கிய கால் பக்கமே சரிந்து விழுந்தது, ஒருமுறை தவறாமல்.

சக்கர மோட்டாருக்குப் பெரிய விசை தேவையில்லை. 12-க்கு 1 சரிவுப் பாதையில் நாலு சக்கரமும் சேர்ந்து ஒன்றரை நியூட்டன் மீட்டருக்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் படியில் ஊன்றி நிற்கும்போது உருளாமல் பிடித்திருக்க வேண்டுமே, அதற்காக ஒவ்வொன்றுக்கும் 4, 5 வரை தரக்கூடியதாக வாங்குங்கள்.

5. மின்சாரம், கம்பிகள்

18 கிலோவை 3 மீட்டர் தூக்க ஆகும் ஆற்றல் 530 ஜூல். மூன்று மாடிக்கு அரை வாட்-மணிகூட ஆகாது. 22 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் 220 வாட்-மணி இருக்கிறது. அப்படியானால் ஏன் சீக்கிரம் தீர்கிறது? முட்டியை மடக்கிக்கொண்டு சும்மா நிற்பதற்கே மோட்டார் மின்சாரத்தைச் சூடாக மாற்றிக்கொண்டிருக்கிறது. நம் ஊர் வெக்கையில், காற்றோட்டமில்லாத படிக்கட்டில், இது இரட்டிப்புத் தொல்லை. நிற்கும்போது காலை முடிந்தவரை நிமிர்த்தச் சொல்லுங்கள். முழங்காலில் ஒரு சுருள்வில்லைப் பூட்டினால் பாரத்தில் ஒரு பங்கை அது சுமந்துகொள்ளும். மோட்டார் கம்பிச்சுருளின் வெப்பநிலையை அளந்து, 80 பாகையைத் தொட்டால் அடுத்த திருப்பத்தில் உட்கார்ந்து ஆறிவிட்டுத் தொடரும்படி நிரல் எழுதுங்கள்.

16 மோட்டாரையும் ஒரே கேன் பஸ்ஸில் (மோட்டார்களுக்கும் கணினிக்கும் இடையே செய்தி போய்வரும் பொதுக் கம்பித்தடத்தில்) கோக்காதீர்கள். ஒரு செய்தி ஏறத்தாழ 130 பிட். போகவும் வரவும் சேர்த்து 16 மோட்டாருக்கு 4,160 பிட். நொடிக்கு 10 லட்சம் பிட் வேகத்தில் அதற்கே 4 மில்லிநொடி ஆகிவிடும். நொடிக்கு 240 முறைக்கு மேல் கட்டளை தர முடியாது. காலுக்கு ஒரு பஸ் என்று நான்காகப் பிரித்தால் 500 முறை தாராளமாகத் தரலாம்.

கனெக்டர், கெபாசிட்டர், தடித்த சிலிகான் வயர் எல்லாம் சிம் லிம் டவரில் கையில் பிடித்துப் பார்த்து வாங்கலாம். பேட்டரி கனெக்டரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். என் ரோபோ ஆறாவது படியில் நின்றுகொண்டிருந்தபோது குலுக்கலில் கனெக்டர் நழுவி, நாலு காலும் ஒரே சமயத்தில் துவண்டன. கயிற்றைப் பிடித்திருந்த நண்பர் இல்லையென்றால் 13 கிலோ கீழே உருண்டிருக்கும். கனெக்டருக்குப் பூட்டு போடுங்கள். கூடவே, மின்சாரம் போனதும் மோட்டாரின் மூன்று கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும் சுற்று ஒன்றையும் சேருங்கள். அப்போது மோட்டாரே பிரேக்காக மாறும், ரோபோ பொத்தென்று விழாமல் மெல்ல அமரும்.

வெளியே போகும் முன் அதைச் சோதித்துப் பாருங்கள். மெத்தை மேல் நிறுத்தி, பேட்டரியைப் பிடுங்கி, எத்தனை நொடியில் உட்காருகிறது என்று பாருங்கள்.

6. ஏற வைக்கும் நிரல்

சிமுலேட்டரில் லட்சக்கணக்கான முறை விழுந்து எழுந்து தானே கற்றுக்கொள்ளும் முறைதான் இன்று எல்லோருக்கும் பிடித்தது. எனக்கும் பிடிக்கும். ஆனாலும் முதலில் கையால் எழுதிய எளிய வரிசையில் ஏறவையுங்கள் என்றே சொல்வேன். எந்த மூட்டு எப்போது திணறுகிறது என்று அப்போதுதான் உங்களுக்கே புரியும்.

வரிசை இதுதான். சக்கரம் மெதுவாக முன்னால் உருள்கிறது. படியை முட்டியதும் மோட்டார் மின்னோட்டம் சட்டென்று ஏறுகிறது. படி எங்கே இருக்கிறது என்று இப்போது மில்லிமீட்டர் துல்லியத்தில் தெரிந்துவிட்டது. இருட்டில் மாடி ஏறும்போது நாம் கால் நுனியால் படியைத் தொட்டுப் பார்க்கிறோமே, அதேதான். 15 மி.மீ. பின்வாங்கி, உடலை எதிர்மூலைப் பக்கம் சாய்த்து, சக்கரத்தை 200 மி.மீ. தூக்கி, மையம் விளிம்பைத் தாண்டி 40, 50 மி.மீ. உள்ளே போகும்வரை நீட்டி, மெல்ல இறக்குகிறது. பாரம் ஏறியது உறுதியானதும் அந்தச் சக்கரத்தைப் பூட்டிவிட்டு அடுத்த காலுக்குப் போகிறது. பின்னிடது, முன்னிடது, பின்வலது, முன்வலது என்பது எனக்கு ஒத்துவந்த ஒழுங்கு. கேமரா ஒரு சென்டிமீட்டர் தப்புச் சொன்னாலும் ஒவ்வொரு படியிலும் இந்தத் தொடுதல் அதைத் திருத்திவிடும்.

சக்கரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். தூக்கும் முன்பும் இறக்கிய பின்பும் கோடு எங்கே நிற்கிறது என்று காணொளியில் பாருங்கள். கோடு மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால் சக்கரம் விளிம்பை நோக்கி வழுக்குகிறது என்று பொருள். ஒரு வாரம் நான் கணினியில் தேடிக்கொண்டிருந்த பிழையை அந்தக் கோடு ஐந்து நிமிடத்தில் காட்டியது.

இது ஓடிய பிறகு சிமுலேட்டருக்குப் போங்கள். முஜோக்கோ 2022 முதல் திறந்த மூலமாகவே கிடைக்கிறது. படியின் உயரத்தை 140 முதல் 190 வரையும், உராய்வை 0.4 முதல் 1 வரையும், கட்டளை போய்ச்சேரும் தாமதத்தையும் சுமையின் எடையையும் ஒவ்வொரு முறையும் மாற்றிமாற்றிக் கொடுத்துப் பயிற்சி தாருங்கள். நீங்கள் அளந்துவந்த 158-உம் 173-உம் அதற்குள் அடங்கிவிடும்.

ஆழம் அளக்கும் கேமரா ஒன்று முன்னால், ஒன்று பின்னால். பளபளக்கும் ஓடு, ஈரம், சாயங்கால வெயில் மூன்றும் அதை ஏமாற்றும். கேமரா சொல்வதை நம்புங்கள், ஆனால் தொட்ட பிறகு.

7. சோதனை

ஒட்டுப்பலகையில் மூன்று படி செய்துகொள்ளுங்கள். முதல் நாளிலிருந்தே ரோபோவின் முதுகில் கயிறு கட்டி, மேலே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். ரோபோவுக்குக் கீழே உள்ள படிகளில் யாரும் நிற்கவே கூடாது, படம் எடுப்பவரும் சேர்த்துத்தான். வறண்ட படியில் 50 முறை ஏறினால் தண்ணீர் தெளித்து மறுபடி 50. பழைய புளோக்குகளில் படிக்கட்டுக்குள் சாரல் அடிக்கும், ஆகவே ஈரச் சோதனையைத் தள்ளிப்போட முடியாது. கெட்டியான டயரைவிட, சற்று மென்மையான, வெட்டுக்கோடுகள் உள்ள ரப்பர் ஈரத்தில் நன்றாகப் பிடித்தது.

பொதுப் படிக்கட்டுக்குக் கொண்டுபோகும் முன் நகர மன்றத்திடம் கேட்டு அனுமதி பெறுங்கள். நடைபாதையில் நிறுத்தினால் 1.2 மீட்டர் வழி விட்டே நிறுத்துங்கள். தீ விபத்தில் எல்லோரும் ஓடவேண்டிய வழி அது. பேட்டரியை இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கவே கூடாது.

8. இறங்குவது

ஏறும்போது தப்பு நடந்தால் சக்கரம் படியில் முட்டி நிற்கும். இறங்கும்போது நடந்தால் முன்னால் வெறும் வெளிதான். அதனால் ரோபோவைத் திருப்பாதீர்கள்; முகம் மேலே பார்த்தபடியே பின்னோக்கி இறக்குங்கள். ஸ்பாட்டையும் அப்படித்தான் இறக்கச் சொல்கிறார்கள். முட்டிகள் கீழ்நோக்கியே இருப்பதால் எந்தப் படியிலும் இடிக்காது, எடையும் மேற்பக்கமே சாய்ந்திருக்கும். பின் கேமராவைக் கீழ்நோக்கி 45 பாகையில் பொருத்தியது இதற்காகத்தான். சக்கரம் விளிம்பைத் தாண்டி இறங்குமுன் மற்ற மூன்றும் பூட்டியிருக்கின்றனவா என்று நிரல் இரண்டு தடவை சரிபார்க்கட்டும். ஏறும் வேகத்தில் பாதி வேகம் போதும்.

எதிரே ஆள் வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். என்னுடையது, நாலு சக்கரமும் ஊன்றியிருக்கும் நிலைக்கு வந்ததும் பூட்டிக்கொண்டு தாழ உட்கார்ந்து, சிறு விளக்கைப் போட்டுக் காத்திருக்கும். திருப்பத்தில் என்றால் சுவரோரம் ஒதுங்கும், கைப்பிடிப் பக்கம் ஒருபோதும் போகாது. அத்தை வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கும் தாத்தா, அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்.